மரியபுஷ்பத்தின் தூக்குப் பாத்திரம்

போன வாரம் கம்பெனி மூடிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு மாவு அரைக்க ஆரம்பித்ததைத்தான் வரிசைப்படி சொல்ல வேண்டும். ஆனால் பேனாவை எடுத்ததும் கௌரம்மா கையில் இருந்த குச்சிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு நூல்

மழை விட்ட ஒரு காலை. ஜூஜுவாடியில் எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் விழும் தண்ணீர் எங்கள் வாசல் சாக்கடை வழியாகத்தான் இறங்கும். அன்று இறங்கவில்லை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, படியோரம் கிடந்த செருப்புகளைத் தூக்கிக்கொண்டு சுற்றியது.

வீட்டுக்காரம்மா கௌரம்மா மாடியில் இருந்து இறங்கி வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீளக் குச்சியைச் சாக்கடைக்குள் விட்டுக் கிளறினார். ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு கொத்தாக வந்தது. கறுப்புச் சேறு வழிய வழிய, பிளாஸ்டிக் கவர்கள்.

எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்பு நூல்.

நான் இட்லி மாவு விற்கிறவன். கவரில் மாவை ஊற்றி, ரப்பர் பேண்ட் அறுந்துவிடுகிறது என்று சிவப்பு நூலால் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவேன். தெருவில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

"நோடப்பா," என்றார் கௌரம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கோபம் வந்தால் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். "இது யாரு வீட்டு மாவு?"

எதிர் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷை வாயில் வைத்தபடியே பார்த்தார்.

"என்னுதுதாங்க," என்றேன்.

"உன்னுதா? நான் அந்த மளிகைக் கடைக்காரன் போடறான்னு தினமும் அவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"நான் போடறதில்லம்மா. வாங்கறவங்க மாவை ஊத்திக்கிட்டு..."

"குடுக்கறது நீதானே? திங்கக்கிழமையில இருந்து என் கேட்டுல கவர் பேடா. கவர் இல்லாம மாவு விக்க முடிஞ்சா வில்லு. இல்லன்னா மாவையும் நிறுத்து. அஷ்டே."

பேடா என்றால் வேண்டாம், அஷ்டே என்றால் அவ்வளவுதான். குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு மேலே போய்விட்டார். செருப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

பேச வேண்டாத வியாபாரம்

எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும்போதே தொண்டை அடைத்துக்கொள்ளும். வாத்தியார் இரண்டாம் முறை கூப்பிட்டு, மூன்றாம் முறை ஆப்சென்ட் போட்டுவிடுவார். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

பத்தாவது முடித்து நான் போய்ச் சேர்ந்தது கவர் ஓட்டும் கம்பெனி. சின்ன ஷெட். அரிசி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குருணையை மேலே கொட்டினால், உருகி, வட்டமான வாயில் இருந்து பலூனாக எழும்பும். ஆள் உயரத்துக்கு மேல் போய், உருளைகளுக்கு நடுவே தட்டையாகி, சுருளாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். வெட்டி ஒட்டினால் கவர். மெழுகுவர்த்தியை அணைத்த பிறகு ஒரு வாசனை வருமே, அது நாள் முழுக்க சட்டையில் இருக்கும். மிஷின் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கவருக்குத் தடை வந்தது. கொஞ்ச நாள் வேறு ஏதேதோ ஓட்டினார்கள். அப்புறம் மூடினார்கள். தடை வந்ததால் கவர் காணாமல் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. எங்களுக்கு மாநில எல்லை என்பது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நடந்து தாண்டுகிற தூரம். அந்தப் பக்கம் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்பார்கள். இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள்.

என் மனைவி ரத்னா எல்லை தாண்டி ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போன் உதிரிபாகம் செய்கிற இடம். நான் வீட்டில் கிரைண்டர் போட்டேன். ஆம்பளை மாவு அரைத்து விற்கிறான் என்று தெருவில் பேசுவது எனக்குக் கேட்கும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். கேட்டின் உள்பக்கம் ஒரு பலகை. பலகையில் ஆணிகள். ஆணிகளில் மாவு கவர்கள். கீழே காசு போட ஒரு டப்பா. வருகிறவர்கள் கவரை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று சில்லறை விழுகிற சத்தம் கேட்பேன்.

தெருக்காரர்களை விட அதிகம் வாங்கியது ரத்னாவின் கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள்தான். மாலையில் பஸ் எங்கள் முனையில் ரத்னாவை இறக்கிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் நாலைந்து பேர் இறங்கி ஓடி வந்து, மொத்தப் பேருக்கும் கவர்களை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பிறகு அந்த பஸ் ஒசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ஊத்தங்கரை பக்கம் வரைக்கும் போகும். அவர்கள் வீடு சேர இருட்டிவிடும். போய் உளுந்து ஊறப்போட யாருக்குத் தெம்பு இருக்கும்?

எனக்கு அவர்களின் கைகள்தான் தெரியும். கண்ணாடி வளையல் கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிய கை. முகம் தெரியாது. பெயர் தெரியாது. அவர்களுக்கும் என் பெயர் தெரியாது. மாவண்ணா என்பார்கள் போலிருக்கிறது. ரத்னா சொல்வாள்.

கௌரம்மா அந்தக் கவரை நிறுத்தச் சொன்னபோது அடைப்பு மட்டும் எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. இனி திரைக்குப் பின்னால் நிற்க முடியாது என்பதுதான் முதலில் தோன்றியது.

கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை

"பாத்திரம் கொண்டாரச் சொல்லுங்க," என்றாள் ரத்னா.

"யாரு சொல்றது?"

"நீங்கதான். வாய் இருக்குதில்ல?"

"பஸ் ஒரு நிமிசம்தான் நிக்குது. அதுக்குள்ள பாத்திரம் வாங்கி, ஊத்தி..."

அவள் யோசித்தாள். ரத்னா யோசிக்கும்போது கை சும்மா இருக்காது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கவர் மூட்டையைக் கழற்றித் தரையில் கொட்டினாள். எல்லா வீட்டிலும் இருக்கும் அந்த மூட்டை. கவருக்குள் கவர், அதற்குள் கவர். துணிக் கடை, மருந்துக் கடை, என்றைக்கோ சாப்பிட்ட மிக்சர், யார் வீட்டு விசேஷத்திலோ கொடுத்த தாம்பூலம். எதற்காவது ஆகும் என்று சேர்த்தவை. எதற்கும் ஆகவில்லை.

"அடுத்தவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க," என்றாள்.

அன்றிலிருந்து காய்கறிக்கு ஒயர் கூடை. அதுவும் பிளாஸ்டிக் ஒயர்தான், ஆனால் அவள் கல்யாணமாகி வந்த புதிதில் பின்னியது, இன்னும் கைப்பிடி போகவில்லை. எண்ணெய்க்கு செக்குக் கடைக்குத் தூக்கு. கறிக்கடைக்கு மூடி போட்ட டப்பா. கறிக்கடைக்காரர் முதல் நாள் டப்பாவைத் தராசில் வைத்துவிட்டு, "இதையும் சேர்த்து எடை போடட்டுமா?" என்று கேட்டார். நான் ஒரு வாரம் கறிக்கடைப் பக்கம் போகவில்லை. பால் மட்டும் இன்றைக்கும் பாக்கெட்டில்தான் வருகிறது. அதை எழுதாமல் விட்டால் ரத்னா படித்துவிட்டுக் கேட்பாள்.

பஸ்ஸுக்கு அவள்தான் வழி சொன்னாள். "காலையில கம்பெனிக்குப் போறப்ப காலிப் பாத்திரத்தை ஜன்னல் வழியாக் குடுக்கட்டும். நீங்க பகல்ல மாவை ஊத்தி வச்சிடுங்க. சாயங்காலம் வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

முதல் வாரம் அது நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்தது என்றால், ரத்னா நடத்தினாள். காலையில் ஜன்னல் ஜன்னலாகப் போய் வாங்கி என் கையில் அடுக்கிவிட்டு பஸ் ஏறுவாள். மாலையில் முதலாளாக இறங்கி, இது அவளுக்கு, அது இவளுக்கு என்று திருப்பிக் கொடுப்பாள். நான் பக்கத்தில் தட்டுத் தாங்கி மாதிரி நிற்பேன். டிரைவர் முனிராஜ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, "ஏம்ப்பா, உங்க வீட்டுல பேச்சு டிபார்ட்மென்ட் மொத்தமும் அந்தம்மாதானா?" என்பார்.

அடுத்த வாரம் ரத்னாவின் லைன் இரண்டாம் ஷிப்டுக்கு மாறியது. காலை பஸ் வரும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். மாலை பஸ் வரும்போது கம்பெனிக்குள் இருப்பாள்.

இரண்டாம் பரிசு

அந்தத் திங்கட்கிழமை காலை, ஜன்னல்களில் இருந்து நீண்ட பாத்திரங்களை வாங்கி வாங்கிக் கூடையில் வைத்தேன். யாருடையது எது என்று கேட்கத் தோன்றியது. வாய் வரவில்லை. பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. பாத்திரங்களில் பெயர் இருந்தது.

நம் ஊர் எவர்சில்வரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் வாங்கியதும், பேர் வெட்டணுமா என்று கேட்பார்கள். சின்ன மிஷினை டர்ர்ர் என்று வைத்து, புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டுவார்கள். எதிரே நின்றால் பல் கூசும். ஒரு தூக்கில் சி. கோவிந்தம்மாள். ஒரு சம்படத்தில் லட்சுமி மாணிக்கம். ஒரு தூக்கில் மரியபுஷ்பம், பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. இன்னொன்றில் கோலப்போட்டி இரண்டாம் பரிசு. ஒன்றே ஒன்றில் எதுவும் இல்லை.

என் கஷ்டத்தை யாரோ முன்கூட்டியே தீர்த்து வைத்த மாதிரி இருந்தது. முக்கால் பாத்திரம் மாவு ஊற்றி, புளித்துப் பொங்க இடம் விட்டு, நிம்மதியாக மூடினேன்.

மாலை. பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்து, கூடையில் இருந்து முதல் பாத்திரத்தை எடுத்துப் படித்தேன்.

"கோவிந்தம்மா."

"சத்தமாச் சொல்லுண்ணா, கேக்கல!"

"கோவிந்தம்மா."

"அது எங்க நாத்தனாரு. பாலக்கோட்டுல இருக்குது. போன் போட்டு வரச் சொல்லட்டுமா?"

பஸ் சிரித்தது. எனக்குக் காது சூடேறியது. கையில் வந்த அடுத்ததை எடுத்தேன்.

"இரண்டாம் பரிசு யாருது?"

"மொதப் பரிசு வாங்கினவ இன்னிக்கி லீவுண்ணா!"

அதற்குப் பெரிய சிரிப்பு. சீட்டில் இருந்து எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள். நான் மரியபுஷ்பம் என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் புரிந்தது. பாத்திரத்தில் இருப்பது பாத்திரத்துக்குச் சொந்தக்காரியின் பெயர் இல்லை. சீர் கொடுத்த அத்தை, மொய் வைத்த மாமா, மாமியார், நாத்தனார், எப்போதோ செத்துப்போனவர். கல்யாணமான எல்லார் வீட்டிலும் இருக்கும் விஷயம். என் வீட்டு அண்டாவிலேயே ரத்னாவின் சித்தப்பா பெயர்தான் இருக்கிறது. எனக்குப் பேச வேண்டாமே என்ற ஆசையில் அது மறந்துவிட்டது.

முனிராஜ் ஹாரனை அழுத்தினார். "பின்னால லாரி நிக்குதுப்பா! சீக்கிரம்!"

கைகள் நீண்டன. யார் எதை எடுத்தார்கள் என்று தெரியவில்லை. கூடை காலியாகி, பஸ் நகர்ந்து, கடைசியில் பெயர் வெட்டாத தூக்கு மட்டும் மாவோடு என் கையில் இருந்தது. அப்படியென்றால் யாரோ ஒருத்தி மாவு இல்லாமல் போகிறாள். அல்லது வேறு ஒருத்தியின் பாத்திரத்தோடு போகிறாள். முனையில் நின்று பஸ் திரும்பும் வரை பார்த்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்டெல்லா

மறுநாள் காலை பஸ் நிற்பதற்கு முன்பே ஒரு பெண் படியில் நின்றிருந்தாள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அந்தக் கையை எனக்குத் தெரியும். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். சின்னப் பெண், ஸ்டெல்லா. கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கலாம்.

"அண்ணா, எந்தூக்கு எங்க?"

"எது?"

"மரியபுஷ்பம்."

"கூப்பிட்டனேம்மா..."

"மெதுவா ஏதோ கேட்டுச்சு. அத்தை பேரு கேக்கவும், அத்தையே பஸ்ஸுல ஏறிட்டாங்கன்னு நெனச்சு நடுங்கிப் போயிட்டேன். அது அவங்க கல்யாணச் சீருங்கண்ணா. யாரையும் தொட விடமாட்டாங்க. பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு கேக்காம எடுத்தாந்துட்டேன். இன்னிக்கு ராத்திரி வந்துடுவாங்க."

"உன் பாத்திரம் எதுவும்..."

"எனக்குச் சீராக் குடுத்தது எல்லாம் பிளாஸ்டிக் டப்பாண்ணா. நீங்கதான பாத்திரம் கொண்டாங்கன்னு ரத்னாக்காகிட்டச் சொல்லி விட்டீங்க?"

பின் சீட்டில் இருந்து கண்ணாடி வளையல் கைக்காரி குரல் கொடுத்தாள். "கவர்ல குடுத்துட்டு இருந்தப்ப இந்த வம்பே இல்ல. கவரை யாராச்சும் தேடுவாங்களா?"

"எங்க வீட்டுலயும் கேட்டாங்க, பாத்திரம் மாறினா என்ன பண்றதுன்னு," என்றாள் இன்னொருத்தி.

அன்று பாதிப் பேர் பாத்திரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. ஜன்னலைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கவரும் இல்லை, பாத்திரமும் வராது என்றால் மாவு இல்லை. மாவு இல்லையென்றால் நான் திரைக்குப் பின்னால் நிற்கிற வெறும் ஆள்.

பெயர் இல்லாத தூக்கைத் தூக்கிக் காட்டினேன். அது காவேரியுடையது என்றார்கள். சாமல்பட்டிக்காரி. இரண்டு நாள் லீவு. ஸ்டெல்லா அங்கேயே போன் போட்டாள். ஆமாம், மரியபுஷ்பம் தூக்கு அங்கேதான் இருக்கிறது, வியாழக்கிழமை கொண்டு வருகிறேன் என்றாளாம்.

"வியாழக்கெழமை நான் உயிரோட இருக்க மாட்டேன்," என்றாள் ஸ்டெல்லா. பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக.

"நான் போயி வாங்கியாறேன்," என்றேன். யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன்.

சாமல்பட்டி

ரத்னாவை எழுப்பிச் சொன்னேன். "போங்க. வந்த பாத்திரத்துல நான் ஊத்தி வச்சிட்டு வேலைக்குப் போறேன்," என்றாள். வாசல் தாண்டும்போது, "காவேரி தூக்கை வெறுமனே கொண்டு போகாதீங்க," என்றாள். அதில் புது மாவு ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி எடுத்துக்கொண்டேன்.

ஒசூரில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும். குளிர். சூளகிரி தாண்டி பஸ் இறங்க இறங்க வெயில் ஏறியது. கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மடியில் ஏதோ ஈரம். மாவு விழித்துக்கொண்டிருந்தது. துணியை மீறி மூடியைத் தூக்கிக்கொண்டு பேண்ட்டில் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாமல்பட்டியில் இறங்கும் வரை விரலால் வழித்து வழித்து உள்ளே போட்டுக்கொண்டே போனேன். மனசும் அப்படித்தான் இருந்தது. அடக்க அடக்க எழும்பியது. அந்தம்மா சீக்கிரம் வந்துவிட்டால்? தூக்கு அங்கே இல்லையென்றால்?

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காவேரி வீடு. வாசலில் சாக்கு விரித்து அவள் அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் பழுப்பாகி இருந்தன.

"மாவண்ணாவா? இவ்வளவு தூரமா வந்தீங்க?" என்று காவேரி ஓடி வந்தாள். "இருட்டுல மூடிய பாத்து எந்தூக்குன்னு எடுத்துட்டண்ணா. வீட்டுக்கு வந்துதான் பேரைப் பாத்தேன்."

"நேத்தே தெரிஞ்சிருச்சா? அப்ப காலையில பஸ்ஸுல யாருகிட்டயாச்சும் குடுத்து விட்டிருக்கலாமே?"

"வெறும் தூக்கையா?" என்றார் அவள் அம்மா நிமிர்ந்து. "யாரோ மரியபுஷ்பமாம், மகராசி, அவங்க பாத்திரம் எங்க வீட்டுக்கு வந்திருக்குது. வெறுமனே திருப்பி அனுப்பறதா? அதான் ரெண்டு நாள் இருக்கட்டும்னேன், புதுப் புளி எடுத்துப் போட்டு அனுப்பலாம்னு."

தூக்கைக் கொண்டு வந்து வைத்தார். கழுத்து வரை புளி. அமுக்கி அமுக்கி, மேலே கல் உப்பு தூவி.

தூக்கு வீட்டை விட்டுப் போனதே தெரியக்கூடாது என்பதற்குத்தான் நான் வந்தது. புளியோடு போனால்? மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னேன். காவேரிக்குப் புரிந்தது.

"அம்மா, புளிய எடுத்துடலாமா?"

"போட்டதை எடுக்கறதா? எந்த ஊரு வழக்கம்டி அது?"

நான் கொண்டுபோன தூக்கையும் மாவையும் வாங்கிக்கொண்டார்கள். மோர் கொடுத்தார்கள். புளித் தூக்கோடு பஸ் ஏறினேன்.

பாக்கெட்டில் ஒரு கவர்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றேன். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. புளியை வேறு எதிலாவது கொட்டிவிட்டால் தூக்கு காலி. கழுவித் துடைத்தால் எங்கும் போகாத தூக்கு.

பழக்கடையில் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு கவரை உருவிக் கொடுத்தார். விரலுக்கு இடையில் அதன் வழுவழுப்பு. எத்தனை காலம் என் கையில் ஓடியது. கசக்கினால் வருகிற அந்தச் சத்தம். எவ்வளவு சுலபம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம், எதையும் திருப்பித் தர வேண்டாம்.

குழாயடி வரை போனேன். மூடியைத் திறந்தேன். மூடினேன். பொய் என்னுடையதாக இருந்தால் கொட்டியிருப்பேன். அந்தப் பெண் வாழ்கிற வீட்டில் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதை நான் எப்படி முடிவு செய்வது? கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலை பஸ் வருவதற்குச் சற்று முன்புதான் எங்கள் முனைக்கு வந்து சேர்ந்தேன். ஸ்டெல்லா படியிலேயே நின்றிருந்தாள். தூக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்கியதும் கனத்தைப் பார்த்துத் திகைத்தாள். சொன்னேன். பையில் இருந்து கவரையும் எடுத்து நீட்டினேன்.

"வேணும்னா இதுல கொட்டிக்கம்மா. தூக்கைக் கழுவிடலாம்."

கண்ணாடி வளையல் கைக்காரி உள்ளே இருந்து கத்தினாள். "கவர் இல்ல, கவர் இல்லன்னு நம்மளை அலைய விட்டுட்டு, தான் மட்டும் பாக்கெட்டுல வச்சிருக்கறதைப் பாருங்கடி!"

ஸ்டெல்லா மூடியைத் திறந்து முகர்ந்தாள். கவரைப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள்.

"வேணாம்ண்ணா. சாம்பல் போட்டுத் தேய்ச்சாலும் புளி வாசனை போகாது. எங்க அத்தை மூக்கு உங்களுக்குத் தெரியாது." மூடியை அழுத்தி மூடினாள். "நானே சொல்லிக்கிறேன். இவ்வளவு புளிய வச்சிக்கிட்டு எப்படிப் பொய் சொல்றது?"

பஸ் போய்விட்டது. அந்த இரவு எப்படிப் போனது என்று எழுத ஒன்றும் இல்லை. கிரைண்டர் ஓடியது. நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

லைனில் ஒருவர்

காலையில் பஸ் வந்து நின்றது. ஸ்டெல்லாவின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. கையில் போன்.

"அத்தை லைன்ல இருக்காங்கண்ணா. உங்ககிட்டத்தான் பேசணுமாம்."

பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார்கள். முனிராஜ்கூட ஸ்டியரிங்கில் தாளம் போடவில்லை. போனைக் காதில் வைத்தேன்.

"மாவு விக்கறவரா?"

"ஆமாங்க."

"புளி யாரு வீட்டுது?"

"சாமல்பட்டிங்க. காவேரின்னு கூட வேலை செய்யற பொண்ணு. அவங்க அம்மா குடுத்தாங்க."

"கொட்டை ஒண்ணு ரெண்டு கெடந்துச்சு. இருந்தாலும் நல்ல புளி." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "என்னைக் கேக்காம எடுத்தா பாருங்க, அதை நான் அவகிட்டப் பேசியாச்சு. உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"பஸ்ஸுல எம்பேரைக் கூப்பிட்டீங்களாமே?"

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பாத்திரத்துல இருந்துச்சு. மெதுவாத்தான் கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் மெதுவா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"எங்கப்பா வச்ச பேரு அது. இந்த வீட்டுக்கு வந்து அண்ணி ஆனேன், அம்மா ஆனேன், பெரியம்மா ஆனேன், இப்ப ஸ்டெல்லா மாமியாராம். எம்பேரு பாத்திரத்துல மட்டுந்தான் இருக்குது. இனிமே அந்தத் தூக்கு தெனமும் வரும். கூப்பிடறதுன்னா நல்லா வாயைத் தொறந்து கூப்பிடுங்க."

"சரிங்கம்மா," என்றேன். அவர் வைத்துவிட்டார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டெல்லா பையில் இருந்து தூக்கை எடுத்துக் கொடுத்தாள். "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க?" என்று பஸ் முழுக்கக் கேட்டது. நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் ஒரு ஜன்னல் திறந்தது. கண்ணாடி வளையல் கை நீண்டது. "இந்தா, எங்க நாத்தனாரு. பத்திரம்." அதற்குப் பின்னால் இன்னொரு ஜன்னல். எந்த முகம் எந்தப் பெயரைக் கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினேன்.

மாலையில் பஸ் நின்றதும் படியில் ஏறி உள்ளேயே போய் நின்றேன். கடைசி சீட்டு வரைக்கும், வெளியே டீக்கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் கூப்பிட்டேன்.

"மரியபுஷ்பம்!"

"வந்தாச்சுண்ணா," என்று ஸ்டெல்லா கையை நீட்டினாள்.